விழுந்தது மூடிதான்

மே 18, ஞாயிறு

இன்று அக்கா மகள் செண்பகத்துக்கு நிச்சயதாம்பூலம். நல்லபடியாக நடந்தது. சொதியில் தேங்காய்ப்பால் கொஞ்சம் தண்ணியாக இருந்ததென்று பெண்வீட்டாராகிய நாங்களே பேசிக்கொண்டோம், மற்றவர்கள் முந்திக்கொள்ளக் கூடாதல்லவா. வெயில் அதிகம். காமிராவில் ஒரு சின்னப் பிரச்சினை.

மே 19, திங்கள்

நேற்று 'சின்ன' என்று எழுதியிருப்பதை இன்று படித்துப் பார்த்தேன். வாடிக்கையாளரிடம் பொய் சொல்லலாம், மனைவியிடம்கூடச் சொல்லிப் பார்க்கலாம்; டைரியிடம் சொல்வது காசு கொடுத்து வாங்கிய நோட்டுக்குச் செய்யும் துரோகம். ஆகவே விவரமாக.

அக்கா கோமுவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. நிச்சயதாம்பூலத்தில் தாய்மாமனுக்கென்று பெரிய வேலை கிடையாது. சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர்களை "வாங்க வாங்க" என்று சொல்ல வேண்டும். எனக்கு அது போதவில்லை. அக்கா ஒரு போட்டோக்காரருக்குச் சொல்லி வைத்திருந்தாள். "வீட்டுக்குள்ள கலைஞன வச்சிக்கிட்டு வெளிய ஆள் தேடுதியாக்கும்?" என்று சண்டை பிடித்து அவரை நிறுத்தினேன். கலைஞன் என்றது என்னைத்தான். கூட்டுறவுப் பண்டகசாலையில் மேலாளர். விடுமுறை நாளில் குளத்தங்கரையில் கொக்கு, நாரை படம் பிடிப்பவன். கொக்கு படம் எடுத்த கைக்குச் சம்பந்தி வீட்டார் எம்மாத்திரம் என்று நினைத்தேன். கொக்கு எதிர்க்கேள்வி கேட்காது என்பது அப்போது உறைக்கவில்லை.

அது போதாதென்று, விசேஷம் தொடங்குமுன் நடு ஹாலில் நின்று, "எல்லாரும் செல்போனை உள்ள வைங்க. படத்துல கை கையா விழும்" என்று உத்தரவும் போட்டேன். எல்லோரும் வைத்துவிட்டார்கள். என் பேச்சை எங்கள் குடும்பம் மொத்தமாகக் கேட்டது இந்த ஐம்பத்திரண்டு வயதில் அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை சபாபதிக்கு அப்பா இல்லை. பெரியப்பா குற்றாலிங்கம் அண்ணாச்சி வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். தென்காசிக்காரர். பல்லி கத்தினால் திசை பார்ப்பார், பூனை வந்தால் நிறம் பார்ப்பார். சபாபதிக்கு இதற்குமுன் வந்த மூன்று சம்பந்தங்களை இவரே நிறுத்தியிருக்கிறார். ஒரு வீட்டில் விளக்கு அணைந்ததாம். ஒரு வீட்டில் ஒற்றைத் தும்மலாம். இன்னொரு வீட்டில் உடைத்த தேங்காய் அழுகலாம். அந்தத் தேங்காய் இவர் கையால் வாங்கிக்கொண்டு போன தேங்காய்தான் என்று தென்காசியில் பேசிக்கொள்கிறார்கள்.

அண்ணாச்சியும் செண்பகத்தின் அப்பா தளவாய் அத்தானும் தட்டு மாற்றும் நேரம். மேலிருந்து எடுத்தால் எடுப்பாக இருக்கும் என்று பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூல் ஆடியது. காமிரா கையை விட்டுப் போய், குத்துவிளக்குக்கும் பன்னீர்ச் செம்புக்கும் நடுவே, லென்ஸ் கீழாக மொசைக் தரையில் இறங்கியது. அவ்வளவு கூட்டமும் பேசி வைத்ததுபோல வாயை மூடியிருந்த நேரம் அது. நல்லவேளை, எல்லோர் கண்ணும் தட்டின் மேல்; அவர்கள் திரும்புமுன் குதித்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"என்னவே சத்தம்?" என்றார் அண்ணாச்சி. ஒரு கையில் தட்டு. மறு கையைக் காதுக்கு அணை கொடுத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மூடி. லென்ஸ் மூடி விழுந்துட்டு."

"கண்ணாடி உடைஞ்ச சத்தம்லா கேட்டுது?"

"மூடிதான்."

"நல்ல காரியத்துல கண்ணாடி உடைஞ்சா அந்தச் சம்பந்தம் வெளங்காது. உள்ளதச் சொல்லும். தட்டை இப்பமே திருப்பிக்கிடுவோம். யாருக்கும் மனத்தாங்கல் கெடையாது."

நான் செண்பகத்தைப் பார்த்தேன். குனிந்த தலை நிமிராத மணப்பெண் என்று அதுவரை எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். இப்போது நிமிர்ந்திருந்தாள். தண்ணீரை விட்டு வெளியே எடுத்துப் போட்ட கெண்டைமீன் மாதிரி என்னையே பார்த்தாள்.

"மூடிதான் அண்ணாச்சி. அடிச்சுச் சொல்லுதேன்."

"அப்ப எடும்."

காமிராவைக் கண்ணில் வைத்தேன். கும்மிருட்டு. உள்ளே கிலுகிலுப்பைச் சத்தம். பொத்தானை அமுக்கினேன், செத்த பாம்பு. எதிரே அத்தனை பேரும் சிரித்த முகமாக நிற்கிறார்கள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து, 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்தேன்.

அண்ணாச்சி தட்டை அத்தானிடம் கொடுத்தார்.

பந்தி முடியும்வரை எல்லோரையும் நாக்காலேயே எடுத்தேன். இன்று காலையில் காபி குடிக்க முடியவில்லை.

மே 20, செவ்வாய்

லென்ஸைக் குலுக்கிப் பார்த்தேன். இன்றும் சத்தம் வருகிறது.

மே 22, வியாழன்

மனைவி வடிவையும் கூட்டிக்கொண்டு ஜங்ஷனில் உள்ள காமிரா ரிப்பேர்க் கடைக்குப் போனேன். தனியாகப் போகத் தைரியமில்லை என்று எழுத மாட்டேன். அவளுக்குக் கத்தரிக்காய் வாங்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இது கீழ விழுந்ததா சார், இல்ல நீங்களா கோவத்துல எறிஞ்சீங்களா?" என்றார்.

பிறகு உள்ளே கொண்டுபோய்த் திரையை இழுத்துவிட்டார். நானும் வடிவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். அவர் துணியில் கையைத் துடைத்தபடி வெளியே வந்து, "லென்ஸைப் பத்தி இனிமே நினைக்காதீங்க. பாடியை மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்க்கலாம். மூணு மாசம் ஆகும். உறுதி சொல்ல முடியாது" என்றார்.

"அனுப்ப வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டேன். கல்யாணம் ஜூலை ஏழு. அதுவரை இது என் கழுத்தில் தொங்க வேண்டும். தொங்காவிட்டால் தென்காசிக்குத் தெரிந்துவிடும்.

கத்தரிக்காய் கால் கிலோ சொத்தை. அதைப் பற்றி இன்று யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது.

மே 25, ஞாயிறு

அக்கா வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுத்தான்.

"ஏல பாவி!" என்றாள் கோமு அக்கா. "கொக்கு புடிக்கவன நம்பிக் கொமரியக் கரையேத்தப் பாத்தேனே!"

தளவாய் அத்தான் பேச மாட்டார். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், அதிர்ச்சி என்றால் வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொள்வார். இன்று இரண்டு தடவை கட்டினார்.

செண்பகம் அழுதாள். "அவுகளுக்கும் தெரிஞ்சிருக்கட்டும் மாமா" என்று சபாபதியைப் போனில் கூப்பிட்டாள். பெயரைத் தேடாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டே, எண்களை மளமளவென்று அமுக்கி ஸ்பீக்கரில் போட்டாள். நிச்சயமாகி ஒரு வாரம்தான் ஆகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன ஞாபகசக்தி!

விஷயத்தைக் கேட்டதும் சபாபதி, "செம்பா, அழாத" என்றான். 'செம்பா' என்பது நாங்கள் வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் பெயர். அதற்குள் கண்டுபிடித்துவிட்டான். கெட்டிக்காரப் பையன்.

"மாமா, பெரியப்பாட்ட மட்டும் மூச்சு விட்ராதீங்க. நாங்க நாலு வருசமா..." என்றவன் ஒரு இருமல் இருமி, "அவரு நாலு நாளா அந்தச் சத்தத்தப் பத்தியேதான் பேசிக்கிட்டிருக்காரு" என்றான்.

பதற்றத்தில் வருஷமும் நாளும் குழம்பத்தான் செய்யும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

முகூர்த்தப் பட்டு எடுக்க டவுனுக்குப் போனோம். அண்ணாச்சி தன் வீட்டுப் பெண்களோடு வந்திருந்தார். கடைக்குள் வலது கால் வைக்க இடமில்லை என்று ஐந்து நிமிஷம் வாசலிலேயே நின்றார்.

நான் காமிராவும் கழுத்துமாக வேலை பார்த்தேன். பட்டு விரிக்கும்போது ஒரு டிக். அண்ணாச்சி விலைச்சீட்டைப் பார்த்து முகம் சுளிக்கும்போது ஒரு டிக். பக்கவாட்டில் ஒதுங்கி, ஒரு காலை மடக்கி, கண்ணைச் சுருக்கி எடுப்பதெல்லாம் எனக்கு அருமையாக வருகிறது. காமிரா வேலை செய்த நாட்களில்கூட நான் இவ்வளவு அழகாகப் படம் எடுத்ததில்லை என்றாள் வடிவு.

சேலை விரித்துக்கொண்டிருந்த பெண் மட்டும் என் வாயையே பார்த்தாள். "சார், சத்தம் போடுறது காமிராவா, நீங்களா?"

"பழைய மாடல்மா" என்றேன்.

அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். "எங்க, இப்ப எடுத்தத காட்டும் பாப்போம்."

காமிராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று தெரியாது. "கழுவுறதுக்கு முன்னால படத்தப் பாக்கக்கூடாது அண்ணாச்சி. கண்ணூறு."

அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "அப்படியா? இது எனக்குத் தெரியாமப் போச்சே. எந்த நூல்ல இருக்கு?"

"வடக்க உள்ள வழக்கம்."

"வடக்கன்னா, மதுரைக்கு அங்கிட்டா?"

"இன்னும் வடக்க."

தலையை ஆட்டி அதை மனத்தில் வாங்கிக்கொண்டார். சகுனம் பார்ப்பவரிடம் ஒரு புது சகுனத்தை விற்றுவிட்டேன். பண்டகசாலையில் இவ்வளவு சுருக்காக ஒரு சரக்கைத் தள்ளியதில்லை.

ஜூன் 5, வியாழன்

உளுத்தம்பருப்பில் கல் கிடக்கிறதென்று ஒருவர் பண்டகசாலைக்கு வந்து சத்தம் போட்டார். அவர் பேசப் பேச நான் டிக், டிக் என்றேனாம். தெரிந்து செய்யவில்லை. புகார் இப்போது பருப்பின் மேல் இல்லை.

ஜூன் 9, திங்கள்

வந்தது வினை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கையில் அண்ணாச்சி போன்.

"என்னவே போட்டோக்காரரே, கழுவுறதுக்கு முன்னாலதான பாக்கக்கூடாது? கழுவிட்டுப் பாக்கலாம்லா?"

வாயில் நுரை. "பாக்கலாம்" என்றுதான் சொல்ல முடிந்தது.

"அப்ப அந்தத் தட்டு மாத்துன படம் இருக்குல்லா, அத மட்டும் பெரிசாக் கழுவி, சட்டம் போட்டுக் கொண்டாரும். பூஜை ரூம்ல மாட்டணும். அந்தச் சத்தம் இன்னும் என் காதுக்குள்ளயே கெடக்கு. நான் தட்டு கொடுக்கதக் கண்ணால பாத்தாத்தான் மனசு சமாதானம் ஆவும். அதப் பாத்துட்டுத்தான் பத்திரிகை அடிக்கக் கொடுப்பேன்."

"படம் சரியா வரலன்னா அண்ணாச்சி?"

"வரலன்னா அதுவும் ஒரு சகுனந்தானவே."

பல் தேய்த்ததை மறந்து மறுபடி தேய்த்தேன். மத்தியானம் அக்கா வீட்டில் எல்லோரும் கூடினோம். எல்லோரும் என்றால் அக்கா, அத்தான், செண்பகம், வடிவு, கழுத்தில் பிணத்தோடு நான்.

"பேசாம உடைஞ்சத ஒத்துக்கிடுவோம்" என்றேன்.

செண்பகம் எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் மூடவில்லை. அத்தான் வேட்டியை அவிழ்த்துக் கட்டினார்.

அப்போதுதான் வடிவு பேசினாள். கூடையில் பயத்தங்காய் ஒடித்துப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல். "இன்னொரு வாட்டி மாத்துனா என்ன?"

"எத?"

"தட்டை. அதே இடம், அதே சேலை, அதே அத்தான். அண்ணாச்சி முகம் தெரிய வேண்டாம். பின்னால இருந்து எடுப்போம். அவுகளுக்குப் பின்மண்டை வழுக்கைதான?"

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி என் தலையைப் பார்த்தார்கள். இந்தத் தலையை இத்தனை பேர் இவ்வளவு ஆசையோடு பார்த்ததே கிடையாது.

"நான் அண்ணாச்சியா நின்னா படம் யாரு எடுக்கது?"

"நான்தான். செண்பகத்துப் போன்ல."

"போன்லயா? கலைக்கே அவமானம்."

"கலை கீழ விழாம இருந்தாச் சரி" என்றாள். பிறகு, போகிற போக்கில், "ஸ்டூல் ஆடலன்னு எனக்குத் தெரியும். நான்லா புடிச்சிக்கிட்டு நின்னேன். பிள்ளையப் பாத்து நீங்க கண்ணத் தொடைக்கக் கைய எடுத்தீங்க" என்றும் சொல்லிவைத்தாள்.

தூசி விழுந்திருக்கும். அந்த வீட்டில் ஒட்டடை அடித்து நாளாகிறது.

ஜூன் 15, ஞாயிறு

தட்டு மாற்றினோம். இரண்டாம் முறை.

காலையிலிருந்து ஏற்பாடு. நிச்சயத்தன்று இருந்த மாதிரியே குத்துவிளக்கு, ஐந்து வகைப் பழம், பன்னீர்ச் செம்பு. அன்றைக்கு அன்னாசிப்பழம் சாய்ந்து இருந்தது என்று அக்கா ஞாபகப்படுத்தி அதையும் சாய்த்து வைத்தாள். செண்பகம் அதே மாம்பழக் கலர் பட்டு. வாசலில் பாத்திர வியாபாரி, குறி சொல்பவர், அடுத்த வீட்டு அம்மாள் யார் வந்தாலும் உள்ளே விடக் கூடாது என்று கதவைத் தாழ்போட்டோம்.

அண்ணாச்சியின் பச்சைக் கரைத் துண்டு வேண்டும். சபாபதி அதைப் பெரியப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்தான். முன்வாசல் தாழ்போட்டிருந்ததால் பின்வாசல் வழியாக வந்து, கொல்லைக் கதவின் உள் கொண்டியை வெளியிலிருந்தே விரல் விட்டுத் தூக்கித் திறந்தான். அந்த வித்தை எங்கள் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். எல்லாக் கொண்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைக் கரைத் துண்டு, பிடரியில் சந்தனம். எனக்கு இருந்த மிச்ச முடியையும் வடிவு சீப்பால் இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். சபாபதி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பெரியப்பா" என்று கையைக் கட்டிக்கொண்டான். விளையாட்டுக்குத்தான். ஆனால் அவிழ்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வடிவு இதற்குமுன் ஒரு படமும் எடுத்ததில்லை. என் காமிராவைத் துடைக்கக்கூட நான் விட்டதில்லை. இன்று அதிகாரம் தூள் பறந்தது.

"அண்ணாச்சி, தலையைக் கொஞ்சம் குனியுங்க."

என்னைத்தான் சொல்கிறாள் என்று புரிய நேரமாயிற்று.

"அண்ணாச்சி, வயித்த உள்ள இழுங்க. உங்களுக்குத் தொந்தி கெடையாது."

"எனக்கு உண்டு."

"அது எங்க வீட்டுக்காரருக்கு. உங்களுக்குக் கெடையாது. இழுங்க."

தட்டை நீட்டினேன். தளவாய் அத்தான் வாங்கினார். வாங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கு வராத அழுகை இன்றைக்கு வந்துவிட்டது அவருக்கு. "பிள்ள போயிரும்லா மாப்ள" என்றார். முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அத்தானுக்கு அப்பால் செண்பகம் தலை குனிந்து நிற்கிறாள். இவளை அரைஞாண் கயிறோடு தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டை ஆற்றுக்குக் குளிக்கப் போனவன் நான். ஒட்டடை நிஜமாகவே அடிக்க வேண்டும்.

"அசையாதீங்க!" என்றாள் வடிவு. எடுத்துவிட்டாள்.

ஜூன் 18, புதன்

பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டமும் போட்டாயிற்று. நன்றாக இருக்கிறது. நான் எடுத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு



நான், வடிவு, அத்தான் மூவரும் தென்காசி போனோம். சீசன் தொடங்கிவிட்டது, பொடிச்சாரல். அண்ணாச்சி வீட்டில் எங்களை வாங்க என்று சொல்லி, உட்கார வைத்து, காபி கொடுத்து, படத்தை வாங்கி மடியில் வைத்தார். நல்ல கனம். கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு உள்ளே குரல் கொடுத்துப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். உயிர் திரும்பிப் போயிற்று. தட்டைப் பார்த்தார். பழத்தை எண்ணினார். அத்தான் முகத்தைப் பார்த்து, "அழுதிருக்காரே, பாவம்" என்றார். பூதக்கண்ணாடி மெல்ல மேலே ஏறி, இரண்டு தலைகளுக்கும் நடுவில் போய் நின்றது. அங்கேயே நின்றது.

"இது நிச்சயத்தன்னைக்கு எடுத்ததுதான?"

"ஆமா அண்ணாச்சி."

"நிச்சயம் வைகாசி நாலு."

"ஆமா."

"பின்னால தினசரிக் காலண்டர் தொங்குது. ஆனி ஒண்ணுன்னு போட்டிருக்கு. கீழ கரிநாள்னு கட்டம் கட்டிப் போட்டிருக்கு."

வாழைப்பழத்தை எண்ணினோம், அன்னாசியைச் சாய்த்தோம். ஆனால் கோமு அக்கா காலையில் எழுந்ததும் முகம் கழுவுமுன் காலண்டரில் தாள் கிழிக்கிறவள். நிச்சயமும் ஞாயிறு, படம் எடுத்ததும் ஞாயிறு, இரண்டும் சிவப்பு எழுத்து. யார் கண்ணிலும் படவில்லை. எந்த நல்ல காரியமும் செய்யக் கூடாத நாளைத் தேடிப் பிடித்து, அதில் இவர் தட்டு மாற்றுவதைப் படம் எடுத்து, சட்டம் போட்டு, இவர் மடியிலேயே வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி எழுந்தார். படத்தோடு பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தான் எழுந்து வேட்டியை அவிழ்க்கப் போனார். "பிறத்தியார் வீடு" என்று வடிவு கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எதிர்த் தூணருகே சபாபதி நின்றுகொண்டிருந்தான். முப்பத்து நான்கு வயது ஆண்பிள்ளை, நகத்தைக் கடித்துக்கொண்டு.

உள்ளே மணி அடித்தது. கதவு திறந்தது. கையில் எரியும் சூடத்தட்டோடு அண்ணாச்சி வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஆனி ஒண்ணாந்தேதி நான் எங்க இருந்தேன்?" என்று வீட்டைப் பார்த்துக் கேட்டார்.

"கரிநாளாச்சே, வாசப்படி தாண்டலயே நீங்க" என்றார் அவர் சம்சாரம்.

"தெருவே சாட்சி. நான் தாண்டல. ஆனா அதே நாள்ல பாளையங்கோட்டைல தட்டு மாத்தியிருக்கேன், பாரு. கரிநாள்ல மனுசன் தட்டு மாத்துவானா?" சூடத்தட்டை உயர்த்தினார். "மாத்த மாட்டான். அது நான் இல்ல. என் ரூபத்துல வந்து சாமி மாத்தியிருக்கு!"

வீட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள். எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். ஒரு கிழவி என் வழுக்கையை, படத்தில் இருந்த வழுக்கையை, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இனிமே இந்தச் சம்பந்தத்த எமனே வாசல்ல நின்னு தும்முனாலும் நிறுத்த முடியாது. ஏல சபாபதி, பத்திரிகைக்குக் கொடுத்துட்டு வா!" என்றார் அண்ணாச்சி.

சபாபதி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான்.

பஸ் ஏற்றிவிட அண்ணாச்சியே தெருமுனை வரை குடையோடு வந்தார். வடிவும் அத்தானும் முன்னால் போய்விட்டார்கள்.

"போட்டோக்காரரே" என்றார், மெதுவாக. "சாமிக்குப் பின்னந்தலைல மொச்சைக்கொட்டை தண்டிக்கு ஒரு மச்சம் இருக்கு, பாத்தீரா?"

"இல்லையே அண்ணாச்சி."

"எனக்குக் கெடையாது. சாமிக்கு இருக்கு." குடையை என் பக்கம் சாய்த்தார். "மூணு வாசல்ல தட்டைத் திருப்பிட்டு வந்தவன் நான். நாலாவதும் திருப்புனா இந்தப் பய என் மூஞ்சில முழிக்க மாட்டான். எனக்கும் ஒரு நல்ல சகுனம் வேண்டியிருந்துது, கெடச்சுது. ஆனா கல்யாணத்துக்கு எங்க சனம் பூராவும் அந்தப் படத்தக் கும்பிட்டுட்டுத்தான் வரும். சாமி கொஞ்சம் சூதானமா இருந்துக்கிடணும். வெளங்குதா?"

விளங்கவில்லை. பெரியவர், சாரலில் நனைந்து ஏதோ பேசுகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் வடிவிடம் சொன்னேன். அவள் சிரித்து, முன் சீட்டுக் கம்பியில் முட்டிக்கொண்டாள்.

"எனக்குப் பின்னந்தலையில மச்சமா இருக்கு?"

"கல்யாணமாகி வந்த நாள்லருந்து இருக்கு. அப்ப முடி இருந்துது, பாதிதான் தெரியும்."

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எத்தனையோ பேருக்குக் காட்டுகிற ஒரு பாகம், அவனுக்கு மட்டும் தெரியாது.

ஜூலை 7, திங்கள்

கல்யாணம் முடிந்தது. போட்டோவுக்கு ஆள் வைத்தாயிற்று. நான் உத்தரவு எதுவும் போடவில்லை. காமிரா வீட்டில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், துண்டுக்குள் இருக்கிறது. இன்று குலுக்கிப் பார்க்க நேரமில்லை.

தென்காசியிலிருந்து இரண்டு பஸ். எல்லோர் நெற்றியிலும் அந்தப் படத்துக்கு வைத்த விபூதி. காலையிலிருந்து அவர்களில் ஒருவருக்கும் நான் முதுகு காட்டவில்லை. பேசிவிட்டுத் திரும்பாமல் பின்னோக்கியே நடந்து வந்தேன். சுவரோரமாக நகர்ந்தேன். பந்தியில் தூணில் சாய்ந்து சாப்பிட்டேன். கை கழுவுமிடத்தில் பக்கவாட்டில் நின்றதில் வேட்டி நனைந்தது. ஒருமுறை அப்படிப் பின்னோக்கி நடந்து நாதஸ்வரக்காரர் மடியில் உட்காரப் பார்த்தேன். அவர் ராகத்தை விடாமலே நகர்ந்துகொடுத்தார்.

"பொண்ணோட மாமாவப் பாருங்க, என்ன மரியாத! சம்பந்தி வீட்டுக்கு முதுகே காட்ட மாட்டேங்காவ!" என்று ஒரு தென்காசி அம்மாள் தன் மருமகனிடம் சொல்வது காதில் விழுந்தது. மருமகன் என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை.

எல்லாம் சமாளித்தேன். முகூர்த்தத்துக்கு வந்து மாட்டிக்கொண்டேன். மேடை முன்னால். தென்காசி சனம் முழுக்கப் பின்னால், நாற்காலியில். செண்பகத்தின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அத்தனை பேருக்கும் என் பின்னந்தலையைக் காட்ட வேண்டும். காட்டாமல் இருக்க வேண்டுமென்றால் அவர்களைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். தாலி என் முதுகுக்குப் பின்னால் ஏறிவிடும்.

திரும்பித்தான் நின்றேன். கையில் அட்சதையோடு, மேடைக்கு முதுகும் சனத்துக்கு முகமுமாக. முதல் வரிசையில் இருந்த அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு மேல்கூரையில் மின்விசிறியைப் பார்த்தார். கெட்டிமேளம் என்று குரல் வந்தது.

யாரோ என் தோளைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பினார்கள். வடிவு. திருப்பிய கையை எடுக்காமல் அப்படியே மேலே கொண்டுபோய், அவ்வளவு பேர் பார்க்க, உள்ளங்கையை என் பின்னந்தலையில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"பாருங்க" என்றாள்.

சபாபதி முடிச்சுப் போட்டான். செண்பகத்தின் கண் நிற்காமல் வழிந்தது. அட்சதை தூவினோம். வடிவு ஒரு கையால்தான் தூவினாள். பாதி என் சட்டைக் காலருக்குள் போயிற்று.

எங்களுக்குப் பின்னால் நின்ற தென்காசிப் பெரியவர் ஒருவர், "புருசன் தலைல கைய வச்சிக்கிட்டு நிக்கியே, வேண்டுதலாம்மா?" என்று கேட்டாராம்.

"ஆமா தாத்தா" என்றாளாம் வடிவு. "இந்தா, இப்பதான் பலிச்சுது."